உள்ளே ஒன்றும் போடாத வட்டம்

வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண், நோய் இருந்தால் உள்ளே கறுப்படிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுமனே விட்டுவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் இதயம், சிறுநீரகம், நரம்பு, கண் என்று ஆளுக்கொரு உறுப்பைக் குத்தகைக்கு எடுத்த நாங்களெல்லாம் வண்ணார்பேட்டை ஓட்டலின் மாடி ஹாலில் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறோம். மதியம் பிரியாணி போட்டார்கள். பிரியாணியையும் போட்டு, ஏசியையும் போட்டு, அதற்குப் பிறகு மரபணுவைப் பற்றிப் பேசுகிற தைரியம் இந்த டாக்டர் சபீனாவுக்கு இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்திருக்கிற மரபணு மருத்துவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவளைப் போன்றவர்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான், அவர்களுக்காக நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், மரபணுப் பரிசோதனையை இனி அந்தந்த ஸ்பெஷலிஸ்ட்டே எழுதலாம் என்று இந்தப் பயிற்சி. யாருக்கு எழுதுவது, வந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்று காலையில் முடிந்துவிட்டது. இப்போது குடும்ப மரம். "உங்க குடும்பத்தையே வரைங்க. மூணு தலைமுறை. பேஷண்ட் ஏன் திணர்றாங்கன்னு அப்பத்தான் புரியும்" என்றாள். முன்வரிசை இதய டாக்டர் மகாலிங்கம், "சம்சாரத்தை எனக்கு மேல போடணுமா, கீழ போடணுமாம்மா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என்னை ஒரு வட்டமாகவும் என் வீட்டுக்காரரை ஒரு சதுரமாகவும் போட்டு நடுவில் கோடு இழுத்தேன். ஒற்றைக் கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எனக்கு ஒற்றைதான், நான் அசலில், சொந்தமில்லாத இடத்தில், கட்டியவள். கோட்டின் நடுவிலிருந்து கீழே ஒன்று இறங்கி, அதன் முனையில் இன்னொரு வட்டம். தாமிரா. ஒரே பிள்ளை. வட்டம் நன்றாக வந்திருக்கிறது, தினமும் நோயாளிகளின் விழித்திரையை வரைந்து வரைந்து பழகிய கை. ஆனால் உள்ளே ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. நான் வைக்கவில்லை, பென்சில் முனை கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அழிப்பானை எங்கே வைத்தார்கள் என்று தேடுகிறேன்.

அழித்தால் போகவில்லை, பரவுகிறது. இந்த ஓட்டல்காரர்கள் கொடுக்கிற அழிப்பான் எல்லாம் இப்படித்தான். பரவாயில்லை, புள்ளிக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இல்லை, இருக்கிறது, காலையில் சொன்னாளே, வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் நோயைச் சுமக்கிறவள், ஆனால் நோய் இல்லாதவள் என்று. அந்தப் புள்ளி என் வட்டத்தில் விழுந்திருந்தால் நியாயம். என்ன நியாயம்? எதற்கு இந்தப் பேச்சு? எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டு, அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கண்ணில் யாருக்கும் ஒன்றுமில்லை. கண்ணில் என்று எதற்கு நினைத்தேன்? கண் டாக்டர், அதனால் நினைத்தேன். போன பொங்கல் விடுமுறையில் சினிமாவுக்குப் போனோம், படம் தொடங்கிவிட்டது, உள்ளே இருட்டு, தாமிரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருபது வயதுப் பெண், கட்டடக்கலை படிக்கிறவள், முந்தானையைப் பிடிக்கிறாளே என்று எனக்குச் செல்லமாகத்தான் இருந்தது. படி தடுக்கி, யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து, அவர் பதறி எழுந்து, அவள் விழுந்து விழுந்து சிரித்து, நானும் சிரித்து. இருட்டில் எல்லோரும் தடுமாறத்தான் செய்வார்கள். நான் தடுமாறவில்லை. அவர் தடுமாறவில்லை. நம் கண் பழகிவிட்டது, அவளுக்குப் பழகவில்லை, இடைவேளை வரைக்கும் பழகவில்லை. அப்புறம் மொட்டை மாடி. வானத்தில் அந்த விண்வெளி நிலையம் போகிறது என்று அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார், மகிழ்ச்சியில் குதிக்கிறார், "அந்தா போகுது பாரு, அந்தா, அந்தா." தாமிரா "ஆமாப்பா, ஆமாப்பா, சூப்பர்" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர்த் தொட்டி இருக்கிற பக்கம். அவர் வானத்தைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன். பிறகு நானும் வானத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது, வேகமாகப் போயிற்று.

சபீனா மேசை மேசையாக வருகிறாள். மகாலிங்கத்தின் தாளைப் பார்த்து "சார், கூடப் பிறந்தவங்க யாருமில்லையா?" என்கிறாள். "அட, தங்கச்சியை விட்டுட்டேன்" என்கிறார் மனிதர். கூடப் பிறந்த தங்கையை விட்டுவிட்டு மரம் வரைந்திருக்கிறார். எனக்குத் தங்கையை விடுகிற பிரச்சினை இல்லை, எனக்கு யாரும் விடுபடவில்லை, எல்லாம் முழுசாக இருக்கிறது, உள்ளே கறுப்படிக்கத்தான் ஒன்றுமில்லை. என் ஓபியில் வந்து உட்காருகிற தாய்மார்களும் இதையேதான் சொல்வார்கள். சங்கரன்கோவிலிலிருந்து, தென்காசியிலிருந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லம்மா, சின்னதுலேர்ந்தே கொஞ்சம் பயந்த சுபாவம், ராத்திரி வெளியே வரமாட்டான்" என்பார்கள். "கவனக்குறைவும்மா, முன்னால கிடக்கிற செருப்பு தெரியாது, மண்டை முழுக்க செல்போன்." நான் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரிந்த பிறகு விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்ப்பேன். விழித்திரையின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக மை தெறித்த மாதிரி இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், விழித்திரையில் இருட்டுக்குப் பார்க்கிற செல்கள் முதலில் போகும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மிஞ்சும், சிலருக்கு அதுவும் மிஞ்சாது. நிமிர்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, என்ன சொல்வேன்? "இது பிறவியிலேயே வர்றதும்மா, மருந்து கிடையாது, வருஷம் ஒருக்கா வந்து காட்டுங்க." அவ்வளவுதான். இருபது வருஷமாக இதே வாக்கியம். அந்த அம்மாக்கள் உடனே கேட்பது ஒன்றே ஒன்று. "கேரட் குடுக்கலாமாம்மா? முருங்கைக்கீரை?" வெளியே போன பிறகு நர்ஸ் பேச்சியம்மாளும் நானும் பார்த்துக்கொள்வோம். இது அந்தக் காலத்துச் சத்துக்குறைவு மாலைக்கண் இல்லை, இது பரம்பரை, இதற்குக் கேரட் கொடுப்பது சுவரில் இருக்கிற விரிசலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை என்று நான் அலுத்துக்கொள்வேன்.

இன்று காலை தாமிராவின் டப்பாவில் கேரட் பொரியல் வைத்தேன். நேற்று முருங்கைக்கீரைப் பொரியல். அதற்கு முந்தின நாள் கேரட் சாதம். ஆனியிலோ ஆடியிலோ தொடங்கியது, தொடங்குகிறேன் என்று நினைத்துத் தொடங்கவில்லை, மார்க்கெட்டில் கேரட் நன்றாக இருந்தது, வாங்கினேன். அடுத்த வாரமும் நன்றாக இருந்தது. "ஏம்மா, நம்ம வீட்ல முயல் வளக்கமா?" என்று கேட்டாள். "தோலுக்கு நல்லதுட்டி" என்றேன். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் எடுத்து வைத்தேன், தினம் ஒன்று, "முடி கொட்டாது" என்றேன். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை, முடிதான் அவளுக்கு இடுப்பு வரைக்கும் இருக்கிறதே, எந்த முடி கொட்டியது? இது வைத்தியம் இல்லை. வைத்தியம் என்றால் முதலில் பரிசோதனை செய்ய வேண்டும், செய்யாத பரிசோதனைக்கு வைத்தியம் எப்படி வரும்? வெறும் சாப்பாடு. எந்தத் தாயும் பிள்ளைக்குக் கேரட் கொடுக்கலாம். இரண்டு சொட்டு மருந்து, இருபது நிமிஷம், என் கிளினிக்கில் என் மெஷினில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போன ஞாயிறு அவளுக்குப் பிராஜெக்ட். அதற்கு முந்தின ஞாயிறு எனக்குக் கல்யாண வீடு. அதற்கு முன்னால் எத்தனையோ ஞாயிறுகள் சும்மா போயின. கண்ணாடி பவர் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டால் வந்துவிடுவாள். கூப்பிடவில்லை. பார்க்காதவரைக்கும் அது ஒரு வெறும் வட்டம்.

"டாக்டர், நான் ஆரம்பிக்கட்டா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். நாகர்கோவில் சிறுநீரக டாக்டர் எபனேசர், காலையில்தான் அறிமுகம், சாதுவான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா, பிரியாணியில் ஒரு முட்டையை எனக்குத் தள்ளிவிட்டவர். ஒருவர் டாக்டராகவும் மற்றவர் நோயாளி வீட்டுக்காரராகவும் இருந்து கேட்டுப் பழக வேண்டுமாம். அவர் என் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்களுக்கும் சாருக்கும் கல்யாணம் சொந்தத்துலயா, அசலா?" "அசல்" என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். அத்தை மகன் தயாராக இருந்தான், இன்ஜினியர், அத்தை தாம்பூலத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள், அப்பா முடியாது என்றார். ரத்த சொந்தத்தில் கட்டினால் பிள்ளை கோளாறாகப் பிறக்கும் என்று எங்கோ ஒரு அறிவியல் பத்திரிகையில் வாசித்திருந்தார். அத்தை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கை நனைத்ததே இல்லை. அந்த அசலைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கழுத்தில் தாலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓபியில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், மாமனைக் கட்டினாயா, நல்லா அனுபவி என்று வாயில் சொல்லாமல் முகத்தில் சொல்லியிருப்பேன். தாமிரா படி தடுக்கும்போதெல்லாம், மாடியில் தப்பான பக்கம் பார்த்தபோதும், என் மனசு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்ட இடம் அதுதான். இருக்காது, நாம் அசல்.

"அசல்னா எந்த அளவுக்கு அசல்?" என்கிறார் எபனேசர். "தப்பா நினைக்கப்படாது, எங்க பக்கம் சர்ச்சு மாறினாலே அசல்னு சொல்லுவாவ, அதனால கேக்கேன். ரெண்டு வீட்டுக்கும் பூர்வீகம்?" எங்களுக்கு ஆழ்வார்குறிச்சி, அவருக்குக் கோவில்பட்டி, எங்கே இருக்கிறது எங்கே என்றேன். "அது ஆம்பிள வழியாக்கும். பொம்பிளைய எங்கருந்து எடுத்தாவ?" நான் பென்சிலை எடுத்து மேலே வட்டங்கள் போட ஆரம்பித்தேன். அப்பாவைப் பெற்றவள், பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அவளைக் கடையத்தா என்றுதான் சொல்வார்கள், கடையத்திலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் கடையத்தா, ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். எந்த வீட்டுப் பெண், யார் வகை, யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் குலசாமி ஒன்றாக இருந்தால் அண்ணன் தங்கை, பெண் எடுக்க மாட்டோம், அதை மட்டும் ஏழு தலைமுறைக்குச் சரியாகச் சொல்வோம், அது ஆண் வழி. பெண் வழியை யார் வைத்திருக்கிறார்கள்? பென்சில் என் வீட்டுக்காரர் பக்கம் போகிறது. அவருடைய அம்மா, அவளுடைய அம்மா. கல்யாணமான புதிதில் கோவில்பட்டி வீட்டில் ஒரு பழைய படத்தைக் காட்டி மாமியார் சொன்னது காதில் இப்போது கேட்கிறது, இத்தனை வருஷம் எங்கே இருந்தது இந்தக் குரல்? "இதுதான் எங்கம்மா. கடையத்தான்னு சொல்லுவாங்க." இரண்டு வீட்டிலும் ஒரு கடையத்தா. கடையம் என்ன பெரிய பட்டணமா, எங்கள் ஆட்கள் அங்கே இருந்ததே ஒரு தெரு. எபனேசர் பேனாவை எடுத்தார். என் ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு போட்டு, மேலே ஒரு கேள்விக்குறியும் வைத்தார். "இப்படி ஒரு குறி உண்டான்னு தெரியல, மேடத்துகிட்ட கேக்கணும்" என்றார். பிறகு பேனாவைத் தாமிராவின் வட்டத்துக்குக் கொண்டுபோய், "பிள்ளைக்கு ஏதாவது?" என்றார். "ஒண்ணுமில்ல, சின்னதுலேர்ந்தே கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றேன்.

சொன்னது நான்தான். என் வாய்தான். பயந்த சுபாவமா, தாமிராவா? பத்தாவது படிக்கும்போது குற்றாலத்தில் குரங்கு பையைப் பிடுங்கியபோது திருப்பிப் பிடுங்கியவள் அவள். எபனேசர் "சரி" என்று அப்படியே எழுதிக்கொண்டார், பயந்த சுபாவம், அவருக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை, சிறுநீரகக்காரருக்கு எப்படித் தட்டுப்படும்? கண் டாக்டர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பார். ராத்திரி வெளியே போவாளா, ஸ்கூட்டர் ஓட்டுவாளா என்று கேட்டிருப்பார். ஓட்டுவாள், பகலில் ஓட்டுவாள், ஆறு மணிக்கு மேல் "எதிர்ல வர்ற லைட் கூசுதும்மா" என்று வண்டியைக் கல்லூரியிலேயே போட்டுவிட்டு ஆட்டோவில் வருவாள். இன்றும் அப்படித்தான், ஆட்டோவில் நேரே இங்கே வந்துவிடுகிறேன், உன்னோடு காரில் வருகிறேன் என்று மத்தியானம் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நான் கட்டைவிரல் போட்டேன்.

விளக்குகளை அணைத்துத் திரையில் படம் போடுகிறார்கள். இருட்டில் எல்லோர் முகமும் நீலமாக இருக்கிறது, எனக்கு மேசை விளிம்பு தெரிகிறது, தண்ணீர் பாட்டில் தெரிகிறது, எபனேசரின் இரண்டு பேனாவும் தெரிகிறது. தாமிராவுக்கு என்ன தெரியும்? இந்த ஹாலில் அவளுக்கு அந்தத் திரை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமல் இருக்கும். மகாலிங்கம் வழக்கம்போல எழுந்துவிட்டார். "அம்மா, ஒரு சந்தேகம். மருந்து இருக்கிற வியாதின்னா டெஸ்ட் பண்ணலாம். மருந்தே இல்லாத வியாதிக்குப் பேரு கண்டுபிடிச்சு என்ன செய்ய? ஜாதகத்துல கண்டம் இருக்குன்னு சொல்ற மாதிரிதான? நிம்மதியா இருக்கவனைக் கெடுக்கணுமா?" நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கைதட்டலாம் போல இருந்தது. சபீனா கோபப்படவில்லை. "நிம்மதியா இருக்காங்கன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள். "நாம சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறோம். தடுக்கி விழறது அவங்கதான், அவங்களுக்கு முதல்லயே தெரியும். பேர்தான் தெரியாது." சில வகைகளுக்கு இப்போது சிகிச்சை வந்திருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு இல்லை, எந்த வகை என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது என்றாள். என்ன படிப்பது, என்ன வேலைக்குப் போவது, யாரைக் கட்டுவது, எதையும் அவர்கள் தெரிந்து முடிவு செய்யட்டும் என்றாள். கண்ணுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், கண் டாக்டர் மேடம் இருக்காங்க, தப்பிருந்தா திருத்துங்க என்று என்னைக் கைகாட்டினாள். விழித்திரை நோயில் சில மரபணு வகைகளுக்கு வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்காமல் இருப்பதே நல்லது, கூடுதலானால் கெடுதல் செய்யலாம், ஆனால் வீட்டில் எது என்று தெரியாமலே எல்லோரும் வைட்டமின் ஏ நிறைந்த மீன் ஈரல் எண்ணெயைக் கொடுக்கிறார்கள். "கரெக்டா மேடம்?" எல்லோரும் திரும்பினார்கள். "கரெக்ட்" என்றேன். எனக்குத் தெரியாததா? மதுரை மாநாட்டில் மைக் பிடித்து நானே சொன்னது. தினம் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரோடு நான் கையில் எடுத்துக் கொடுத்தேன். எழுந்து போய்விடலாம் போல இருந்தது, கதவு பக்கத்தில்தான், ஆனால் இருட்டில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இன்னொன்று சொன்னாள், விளக்குப் போட்ட பிறகு. "பதினெட்டு முடிஞ்சிட்டா அவங்ககிட்டதான் கேக்கணும். அம்மாகிட்ட இல்ல, அப்பாகிட்ட இல்ல, வெளிய உட்கார்ந்திருக்கிற மாமாகிட்ட இல்ல." எல்லோரும் சிரித்தார்கள், எல்லோர் ஓபியிலும் ஒரு மாமா வெளியே உட்கார்ந்திருப்பார், "பையன்கிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று தனியாக வந்து சொல்வார். என் வீட்டில் அந்த மாமா யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கேட்டுப் பழகும் பகுதி. பரிசோதனையைப் பற்றி எதிரில் இருப்பவருக்குச் சொல்லி, சம்மதமா என்று கேட்க வேண்டும், மூன்று விஷயம்தான். விடை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், நாம் தேடாத வேறொன்று வந்து நிற்கவும் செய்யலாம். என்னை முன்னால் கூப்பிட்டாள். எபனேசர் நோயாளி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். நான் ஆரம்பித்தேன், ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை, விழித்திரையில் எத்தனை அடுக்கு, மரபணு எத்தனை வகை, ரத்தம் எத்தனை மில்லி, எந்த ஊர் லேப், இடையில் மூச்சு விட்டபோது எபனேசர் ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் விடவில்லை. சபீனா மெதுவாக என் தோளைத் தொட்டாள். "மேடம், எல்லாம் சரியாச் சொன்னீங்க. ஆனா அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பாக்கல. கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க. அவங்க பேசறவரைக்கும் காத்திருங்க. நம்மளால முடியாதது அது ஒண்ணுதான்." ஹால் கலகலவென்று சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. என்ன தெரியும் இந்தப் பெண்ணுக்கு, ஒரு நாளைக்கு எழுபது பேர் பார்க்கிறேன், எழுபது பேர் வாய் திறக்கிறவரைக்கும் காத்திருந்தால் கிளினிக்கை எப்போது பூட்டுவது என்று வேகமாக வந்தது. அப்புறம் அந்த வேகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தாள் மேசையில் கிடந்தது, புள்ளிக் கோடு, கேள்விக்குறி, கீழே அழித்து அழித்து அழுக்கான ஒரு வட்டம். தாமிராவின் முகத்தைக் கடைசியாக நான் எப்போது நேராகப் பார்த்தேன்? முகத்தை என்றால் கண்ணை. ஒரு கண் டாக்டர் பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் எவ்வளவு நாள் சாமர்த்தியமாகச் சோறு போட முடியும் என்று ஒரு பரீட்சை வைத்தால் நான்தான் முதல் ரேங்க்.

முடிந்து கீழே வருவதற்குள் வெளிச்சம் இறங்கிவிட்டது. ஓட்டலின் பின்பக்கம் கார் நிறுத்துகிற இடம், சுற்றிலும் மதில், இன்னும் விளக்குப் போடவில்லை. வாட்ச்மேன் அறையின் ஒரு பல்பு மட்டும் எரிகிறது. தாமிரா அந்தப் பல்புக்குக் கீழேதான் நிற்கிறாள். எப்போதும் வெளிச்சத்துக்குக் கீழேதான் நிற்பாள், கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கேயும். இதுவும் எனக்குத் தெரியும். "ஏம்மா, டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டே காருக்கு வந்தாள். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் இவள், பையிலிருந்து சாவியை எடுத்தபோது நழுவிவிட்டது. "இரு, நான் எடுக்கேன்" என்று என் கையை விட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தாள். சாவி அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது, மஞ்சள் வளையத்தோடு, எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. அவள் உள்ளங்கையைத் தரையில் விரித்து இடது பக்கமாகத் தடவுகிறாள். சிமெண்டில் கை உரசுகிற சத்தம். "இங்கதானம்மா விழுந்துச்சு, சத்தம் கேட்டுச்சே." வலது பக்கம் வருகிறது கை, சாவிக்குப் பக்கத்தில் வந்து, திரும்பிப் போகிறது. இந்தக் கையை எனக்குத் தெரியும். என் ஓபியில் இருட்டறையில் பிள்ளைகள் நாற்காலியைத் தேடுகிற கை. குனிந்து எடுத்துக் கொடுத்துவிடலாம், இந்தாட்டி என்று, வீட்டுக்குப் போய்விடலாம், ராத்திரிக்குத் தோசை. என்னால் குனிய முடியவில்லை. பிறகு குனியவில்லை, உட்கார்ந்தேன், பட்டுச் சேலையோடு அந்தத் தரையில், அவளுக்கு எதிரில்.

"தாமிரா, உனக்கு இருட்டுல கண்ணு தெரியலதானட்டி?" என்றேன். கை நின்றது. "ரொம்ப நாளாவே தெரியலம்மா" என்றாள், சாதாரணமாக, காய்ச்சல் என்று சொல்கிற மாதிரி. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளே சொன்னாள். "உனக்குத் தெரியும்னு தெரியும். நீ கேரட்டும் மாத்திரையும் குடுக்க ஆரம்பிச்சேல்லா, அப்பவே தெரியும். சரி, கேரட்ல சரியாகிறதுதான், பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன். பெருசா இருந்தா நீ சொல்லிருப்பேல்லா. நீ கண் டாக்டர்லா." அழுகை வந்தது, அழுதேன். இருட்டில் அவளுக்குத் தெரியாது என்று ஒரு நொடி நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக இன்னும் அழுதேன். பிறகு சொன்னேன். "கேரட்ல சரியாகாதுட்டி. மாத்திரை இனிமே வேண்டாம், நான் குடுத்திருக்கக் கூடாது." அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "நாளைக்கு உன் கண்ணை நான் பாக்கேன். அதுக்கப்புறம் ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்கு. என்னன்னு தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிஞ்சாலும் மருந்து இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேணும்னு இல்ல. உனக்குத் தெரிஞ்சுக்கணுமான்னு நீதான் சொல்லணும்."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரோட்டில் பஸ் போகிறது, ஹாரன், மாடியில் நாற்காலிகளை அடுக்குகிற சத்தம், சொல்லு சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பயப்படாதட்டி அம்மா இருக்கேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். வாட்ச்மேன் எங்கோ சுவிட்சைப் போட்டார். ட்யூப் லைட்டுகள் மினுக்கி மினுக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. தாமிரா தரையைப் பார்த்தாள். அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, மஞ்சள் வளையம். அதைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் உனக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது."

அவள் சாவியை எடுத்தாள். துப்பட்டாவில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் தெரியணும்" என்றாள்.